மழைநாள் புள்ளி

மூன்று மணி நேரம் சும்மா நிற்பதற்கென்றே ஒரு வேலை உண்டென்றால் அது பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்ப்பதுதான் என்று வேதநாயகி ஒவ்வொரு செமஸ்டரும் நினைத்துக்கொள்வாள். உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தால் ஸ்குவாடு வந்து முறைக்கும், போன் என்று மூச்சே விடக் கூடாது. போனைக் காலையிலேயே கண்ட்ரோல் ரூமில் கொடுத்தாயிற்று. அங்கே அட்டெண்டர் எல்லா வாத்தியார்களின் போனையும் வாங்கிப் பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு மூடி வைத்திருப்பார். அந்த டின்னுக்குள் அவள் போன் இந்நேரம் அதிர்ந்துகொண்டிருக்கலாம். பதினோரு மணிக்கு லேபுக்குப் போய் ரிசல்ட் வாங்கியதும் கூப்பிடுகிறேன் என்று புருஷன் தங்கபாண்டி சொல்லியிருந்தார். பரீட்சை முடிகிறவரை அவளால் எடுக்க முடியாது என்று சொன்னால் அவருக்குப் புரியாது. அவரும் வாத்தியார்தான், பள்ளிக்கூடத்தில், ஆனால் விளையாட்டு வாத்தியாருக்கு யார் ஹால் டூட்டி போடப்போகிறார்கள். அவர் வேலையெல்லாம் வெயிலில், விசிலோடு. ரிசல்ட் என்பது ஒரே ஒரு எண். அவர் ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்கிற எண். அது ஏழைத் தாண்டிவிட்டால் சிறுநீரகம் கைவிட்டது என்று அர்த்தம், டயாலிஸிஸ்தான். தாண்டவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள். தாண்டாது என்று வேதநாயகி கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தாள். புள்ளியியலில் இத்தனை வருஷம் பாடம் எடுத்தவள் போட்ட கணக்கு. காலையில் பல் துலக்கிவிட்டு வந்தவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன புள்ள இது, பித்தளைச் செம்பை நக்குன மாதிரி இருக்கு" என்று டம்ளரைத் தள்ளி வைத்ததிலிருந்துதான் அவளுக்கு அந்தக் கணக்கின் மேல் சந்தேகம் வந்தது, வாய் உலோகமாக ருசிப்பது சிறுநீரகம் ஓய்வதன் அடையாளம் என்று படித்திருந்தாள்.

பி.காம். பெண்களுக்கு இன்றைக்கு வணிகப் புள்ளியியல். அந்த வகுப்புக்கு அவள் பாடம் எடுப்பதில்லை, அதனால் இந்த ஹாலுக்கு அவளைப் போட்டிருந்தார்கள். மீந்துபோன கேள்வித்தாள் ஒன்று மேஜைமேல் கிடந்தது. படிக்கக் கூடாதுதான். ஆனாலும் கண் என்ன சொன்னபடியா கேட்கும்? கடைசிக் கேள்வியில் போய் ஒட்டிக்கொண்டது. கொடுக்கப்பட்ட விவரங்களுக்குப் பொருத்தக் கோடு வரைக, ஒவ்வொரு புள்ளியின் எச்சத்தையும் கண்டு கருத்துரைக்க. கருத்துரைக்க. யார் இந்தக் கேள்வித்தாளைத் தயாரிக்கிறவர்கள், எதற்கெடுத்தாலும் கருத்துரைக்க என்று ஒரு வாலை ஒட்டிவிடுகிறார்கள், பிள்ளைகள் பாவம், என்ன கருத்து சொல்வார்கள். அவள் வகுப்பில் இந்தப் பாடத்துக்குக் கிரவுண்டைத்தான் உதாரணம் சொல்வாள். காலைப் பிரேயருக்கு முன்னால் நீங்க எல்லாம் கிரவுண்டுல அங்கங்க நிக்கிறீங்க. ஒரே ஒரு நேர்கோடு போடணும், அது எல்லாருக்கும் முடிஞ்ச அளவு பக்கத்துல போகணும். யாருக்கும் ஓரவஞ்சனை கூடாது. போட்டாச்சா? இப்ப ஒவ்வொருத்தரும் கோட்டுக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே நிக்கிறீங்கன்னு அளந்தா அதுதான் எச்சம். கோடு சொன்னதுக்கும் நிஜத்துல இருக்கிறதுக்கும் நடுவுல மிஞ்சுறது. ஒரு வருஷம் ஒரு பெண் எழுந்து, "அப்ப கோட்டு மேல யாருமே நிக்கலையே மேடம், அது யாருக்காக போட்ட கோடு?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, வேதநாயகியும் சிரித்தாள், வீட்டுக்கு வந்து தங்கபாண்டியிடம் சொன்னாள். அவர் தினமும் கிரவுண்டில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுகிற மனுஷன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் கோட்டுல கால் வச்சா ஃபவுலு. உன் கோட்டுல கால் வைக்காட்டி ஃபவுலு" என்றார். அந்தச் சுண்ணாம்பு அவர் விரல் இடுக்கில் எப்போதும் கொஞ்சம் இருக்கும், சோறு பிசையும்போதும் இருக்கும், கழுவிட்டு வாங்க என்று அவள் கத்துவாள். இப்போது அந்த விரல்கள் உப்பியிருக்கின்றன, மோதிரம் கழற்ற வரவில்லை, போன வாரம் சோப்பு போட்டுப் பார்த்தும் வரவில்லை. வெயிலில் நிற்கிறவர்களுக்குக் கை உப்பத்தான் செய்யும் என்று அவளே சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. காரணம் சொல்லத் தெரிந்த பொம்பளை.

சமையலறைக் கதவின் பின்பக்கம் காலண்டருக்குப் பக்கத்தில் அந்த கிராஃப் தாள் ஒட்டியிருக்கிறது. சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது என்று முதல்முதலாகத் தெரிந்த வருஷம், அவளுக்கு அழுகை வருவதற்குப் பதிலாகப் படிப்பு வந்தது. எங்கெங்கோ தேடிப் பழைய மருத்துவக் கட்டுரைகளைப் படித்தாள். கிரியாட்டினின் எண்ணை அப்படியே வரைந்தால் வளைந்து வளைந்து போகும், ஒன்றை அந்த எண்ணால் வகுத்து வரைந்தால் பலருக்கு நேர்கோடாக இறங்கும் என்று ஒன்றில் இருந்தது. அதைப் படித்தபோது அவளுக்கு வந்தது சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாக இருந்தாலும். நேர்கோடு! நேர்கோடு என்றால் அவளுக்குத் தெரிந்த ஆள். ஒவ்வொரு தடவை ரத்தம் கொடுத்து வந்ததும் ஒரு புள்ளி வைத்தாள். கீழே சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு, அதுதான் டயாலிஸிஸ் எல்லை. புள்ளிகளின் ஊடே பொருத்தக் கோட்டை வரைந்து நீட்டினால் அது சிவப்பைத் தொடுகிற இடம் இன்னும் ரெண்டு தீபாவளி தள்ளி இருந்தது. தங்கபாண்டிக்கு எண் ஏறினால் புள்ளி இறங்குகிற அந்தத் தலைகீழ்க் கணக்கு கடைசிவரை பிடிபடவில்லை. எண்களை அவளிடமே விட்டுவிட்டார். ஆனால் கோட்டை நம்பினார். வீட்டுக்கு வருகிறவர்களைச் சமையலறைக்கே கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திருப்பி, "என் ஜாதகம் பாத்தீங்களா, பெண்டாட்டி எழுதுனது" என்று காட்டுவார். ரத்தம் கொடுத்துவிட்டு வந்ததும் பஞ்சை அமுக்கிப் பிடித்தபடியே, "கோடு என்ன சொல்லுது?" என்பதுதான் முதல் கேள்வி. டாக்டர் என்ன சொல்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "கோட்டுல உக்காருதுங்க" என்பாள். உடனே போய் விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு மனுஷனை இத்தனை சுலபமாக நிம்மதியாக்கிவிட முடிகிறதே என்று அவளுக்கே அப்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் எல்லாம். அதற்காகத்தான் அந்த ஒரு புள்ளியை அழித்தாளா? இல்லை, அதற்காக இல்லை, பயத்தில் அழித்தாள். இரண்டும் ஒன்றுதானா? ஃபேன் ஒன்று டக் டக் என்று எதையோ தட்டிக்கொண்டே சுற்றியது. ஒரு பெண் அடிஷனல் ஷீட் கேட்டுக் கையைத் தூக்கினாள். கொடுத்து, நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத் திரும்பி வந்தால் அந்த வார்த்தை மேஜைமேல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. கருத்துரைக்க.

அந்தப் புள்ளி வந்த அன்றைக்கு நல்ல மழை. வழக்கமான லேபுக்குப் போகிற வழியில் பாலத்தடியில் தண்ணீர் கட்டிக்கொண்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வேறொரு லேபில் ரத்தம் கொடுத்தார்கள். தங்கபாண்டி நனைந்துபோய், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, அங்கே ஊசி போட்ட பெண்ணிடம், "சர்வீஸ் நல்லா போடுறியேம்மா, வாலிபால் ஆடுவியா?" என்று கேட்டார். சாயங்காலம் வந்த எண்ணை வேதநாயகி ரெண்டு தடவை படித்தாள். புள்ளி வைத்தாள். கோட்டை விட்டுக் கீழே, தனியாக, சிவப்பை நோக்கித் திரும்பி நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் காரணங்கள் வந்தன, வரிசையாக, அழைக்காமலே. வேற லேப். வேற மிஷின். முந்தின நாள் பூரா வெயிலில் மேட்ச், தண்ணியே குடிக்கவில்லை. ராத்திரி ஆட்டுக்கால் சூப் வேறு, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும். காரணம் ஒன்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு புள்ளியை விலக்கலாம் என்றுதான் அவள் வகுப்பில் சொல்வது. அவளிடம் நாலு இருந்தன. ஒன்றே ஒன்று நிஜமாக இருந்திருந்தால் நாலு எதற்கு? இது இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு ரப்பரை எடுத்துச் சுத்தமாக அழித்தாள். கிராஃப் தாளின் பச்சைக் கட்டமும் அங்கே கொஞ்சம் மங்கிவிட்டது. பின்னால் வந்து நின்று பார்த்த தங்கபாண்டி, "என்ன அழிக்கிற?" என்றார். "லேப் மிஸ்டேக்குங்க. இது கணக்குல வராது." "நல்லவேளை" என்றுவிட்டுத் தலையைத் துவட்டப் போனார். அடுத்த தடவை வழக்கமான லேபில் எடுத்தபோது புள்ளி பெரிதாக இறங்கவில்லை, கோட்டுக்குக் கொஞ்சம் கிட்டவே வந்தது. பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல. கிட்ட வந்தது, ஆனால் கோட்டுக்குக் கீழேதான் நின்றது. அதற்கு அடுத்தது இன்னும் கீழே. எச்சம் சின்னதுதான் என்று சொல்லிக்கொண்டாள். சின்னதா பெரியதா என்று பார்க்காதீங்கடி, எந்தப் பக்கம் விழுதுன்னு பாருங்க, மேலயும் கீழயும் கலந்து விழுந்தா கோடு சரி, தொடர்ந்து ஒரே பக்கமா விழுந்தா கோடு பொய் சொல்லுதுன்னு அர்த்தம். எத்தனை வகுப்புக்கு, எத்தனை வருஷத்துப் பெண்களுக்குத் தொண்டை வறளச் சொல்லியிருப்பாள். மாத்திரை பெயர் மறந்துபோன மருந்துக் கடைக்காரன் மாதிரி சொந்த வீட்டுக் கதவில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. ஞாபகம் வராமல் என்ன, வந்தது. வந்ததைத்தான் கதவோடு சேர்த்துச் சாத்தினாள்.

மதுரை டாக்டர் நல்லவர், நிறையப் பேசமாட்டார். போன தடவை, மூணு மாசத்துக்கு முன்னால், போயிருந்தபோது தங்கபாண்டியின் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கையில ஃபிஸ்டுலா போட்டு வச்சிடுவோமே சார். ரத்தக் குழாய் ரெண்டை இணைக்கிற சின்ன ஆபரேஷன்தான். ஆனா அது பழுத்துத் தயாராக ரெண்டு மாசம் பிடிக்கும். தயாரா இருந்தா டயாலிஸிஸ்னு வர்றப்ப கஷ்டம் இல்ல. இல்லாட்டி அவசரத்துல கழுத்துல குழாய் சொருக வேண்டி வரும், அது வேண்டாம்" என்றார். எந்தக் கை என்று இவர் கேட்டார். நீங்க இடது கைக்காரர், அதனால வலது கையில போடலாம், அப்புறம் அந்தக் கையில அடி படவே கூடாது என்றதும் தங்கபாண்டியின் முகம் சுருங்கிவிட்டது. வாலிபாலில் பந்தை எடுப்பதே இரண்டு முன்கையையும் ஒட்டி நீட்டித்தான். அடி படாமல் என்ன விளையாட்டு? பள்ளிக்கூடப் பெண்கள் டீம் மண்டல மேட்ச்சுக்குப் போகிற வருஷம். அவர் திரும்பி வேதநாயகியைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை அது, இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. கதவிலிருந்து பிரித்து மடித்துக் கொண்டுவந்திருந்த கிராஃபை அவள் கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் விரித்தாள். ஃபைலில் எல்லா ரிப்போர்ட்டும் இருந்தன, மழைநாள் ரிப்போர்ட் மட்டும் இல்லை, அது கணக்கில் வராதது. டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார், "மேடம் ஸ்டாட்டிஸ்டிக்ஸா?" என்று லேசாகச் சிரித்தார், விரலால் புள்ளிகளைத் தடவிக்கொண்டே போனார். அழித்த இடத்தின் மேலும் விரல் போயிற்று. இன்றைக்கும் அந்த விரலின் நகம் வேதநாயகியின் கண்ணில் நிற்கிறது. "சரி, மெதுவாத்தான் இறங்குது. அடுத்த டெஸ்ட் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார். வெளியே வந்ததும் தங்கபாண்டி அவளுக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார், தனக்கு ஒரு வாய் கூட இல்லாமல், தண்ணீர் அளவோடு குடிக்கச் சொல்லியிருப்பதால் அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அடுத்த டெஸ்ட்தான் இன்றைக்கு.

"மேடம்."

மூன்றாவது பெஞ்சில் தலையில் துப்பட்டா போட்ட பெண். ஹால் டிக்கெட்டில் ஹசீனா என்று இருந்தது, காலையில் கையெழுத்துப் போடும்போது பார்த்தாள்.

"ஒரு டவுட்டு மேடம்."

"டவுட்டெல்லாம் கேக்கக் கூடாதும்மா. எழுது."

"இல்ல மேடம், கொஸ்டின்லயே தப்பு இருக்கும் போல. கடைசிக் கணக்குல ஒரே ஒரு புள்ளி மட்டும் எங்கயோ போய் விழுது. பிரிண்டிங் மிஸ்டேக்கா இருக்கும். அத விட்டுட்டுப் போட்டா கோடு அழகா வருது. விட்டுடவா மேடம்?"

"விடாத."

நினைத்ததை விடச் சத்தமாக வந்துவிட்டது. பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் நிமிர்ந்தன. ஹசீனா மிரண்டுபோய்ப் பேனா மூடியைக் கடித்தாள். வேதநாயகி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குடுத்திருக்கிறத எல்லாம் போடும்மா, அவ்வளவுதான்" என்றுவிட்டுப் பின்வரிசைப் பக்கம் நடந்தாள். விதிப்படி இதைக்கூடச் சொல்லியிருக்கக் கூடாது. யாராவது புகார் எழுதினால் எழுதட்டும். அழகா வருது. அழகாத்தான் வந்தது. கதவைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தானே சொன்னார்கள், எவ்வளவு நேரா வந்திருக்கு பாருங்க என்று. பின்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள், சாயவும் கூடாதுதான். சுவர் குளிர்ந்திருந்தது. இப்போது செய்யாமல் இருக்க முடியாது. கண்ணைத் திறந்தபடியே மனசுக்குள் அந்தக் கதவை மூடி, பின்பக்கத்தைப் பார்த்தாள். மழைநாள் புள்ளியை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். வைத்ததும் மற்ற இரண்டும் அதோடு சேர்ந்துகொண்டன, இத்தனை நாள் காத்திருந்த மாதிரி. மழைக்கு முன்னால் வந்த பழைய புள்ளிகள் ஏராளம், அவை எல்லாம் சேர்ந்து கோட்டை மேலேயே தாங்கிப் பிடித்திருந்தன. அவருக்கு உடம்பில் வலு இருந்த வருஷங்களின் புள்ளிகள். மழைக்குப் பிறகு பாதை வேறு. அது மடங்கிய இடம் அந்த ஒரு புள்ளி. மடங்குகிறது என்று வந்து சொன்னதையே தப்பு என்று அழித்துவிட்டாள். மழையிலிருந்து வந்தவற்றை மட்டும் வைத்து இன்னொரு கோடு போட்டாள், சராசரி எடுத்தாள், சரிவு எடுத்தாள், விரல்கள் புடவைத் தலைப்பில் எண்ணிக்கொண்டே இருந்தன. அந்தக் கோட்டை இன்றைய தேதி வரை நீட்டினாள். சிவப்பைத் தாண்டியது. ரெண்டு தீபாவளி எங்கே, வருகிற தீபாவளிக்கே கோடு காத்திருக்கவில்லை. திருப்பி எண்ணாக மாற்றினால் ஏழுக்கு மேல், ஏழரைக்குச் சற்றுக் கீழே. தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் தன் கணக்கு தப்பாக வேண்டும் என்று அவள் சாமியிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. எந்தச் சாமியிடம் என்றுகூடத் தெரியவில்லை. எச்சம் பெரிதாக வரட்டும், இருக்கிறதிலேயே பெரிதாக, கோடு ஒன்று சொல்ல நிஜம் வேறெங்காவது மேலே போய் நிற்கட்டும். ஆனால் காலையில் அவர் சாக்ஸைக் கழற்றி மாற்றும்போது கணுக்காலைச் சுற்றி விழுந்திருந்த பள்ளத்தை அவள் பார்த்திருந்தாள். கட்டைவிரலால் பக்கத்தில் அமுக்கிப் பார்த்தாள். விரலை எடுத்த பின்னும் குழி அப்படியே இருந்தது. "என்ன, சப்பாத்தி மாவா?" என்று அவர் சிரித்தார். குழி நிரம்ப வெகு நேரம் ஆயிற்று. அதற்கு என்ன காரணம் சொல்வாள்? வெயிலா? மிஷினா? பாலத்தடித் தண்ணீரா?

அப்புறம் அவள் எதையும் நினைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், அல்லது ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். கழுத்துல குழாய் சொருக வேண்டி வரும், அது வேண்டாம். அது வேண்டாம், அது வேண்டாம் என்று ஃபேன் தட்டிக்கொண்டே இருந்தது. டாக்டரின் விரல் அழித்த இடத்தில் வந்து நின்றபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டாக்டர், இங்க ஒண்ணு இருந்துச்சு. இவ்வளவுதான். மூன்று நாலு வார்த்தை. மறுநாளே ஆபரேஷன் வைத்திருப்பார், கை இந்நேரம் தயாராகியிருக்கும். தங்கபாண்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார், விசிலைக் கோபத்தில் எங்காவது எறிந்திருப்பார், எறியட்டுமே. அவர் பார்த்த பார்வைக்கு இரங்கினேன் என்று சொல்லலாம். அது பாதி. மீதி, கோடு அழகாக இருந்தது. அவள் வரைந்த கோடு. ஹாலுக்கு வெளியே கொன்றை மரத்தடியில் அடுத்த பேட்ச் பெண்கள் வந்து உட்கார்ந்து எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள், மேலே போனதும் கீழே போனதும் கூட்டினால் பூஜ்யம், எச்சங்களின் கூடுதல் எப்போதும் பூஜ்யம் என்று ஒருத்தி ராகம் போட்டுச் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. எப்போதும் பூஜ்யம்தான். சேர்த்துக்கொண்ட புள்ளிகளுக்கு மட்டும். வெளியே தள்ளின புள்ளியை எந்தக் கூட்டலும் கேட்காது.

மணி அடித்தது. விடைத்தாள்களை வாங்கிக்கொண்டே வந்தாள். ஹசீனாவின் கிராஃப் மேலாகத் தெரிந்தது. அந்தத் தள்ளிப்போன புள்ளியை வைத்து அதைச் சுற்றி வட்டமும் போட்டிருந்தாள். கோடு அதன் பக்கம் சாய்ந்து, மற்றப் புள்ளிகளை விட்டு விலகி, பார்க்க நன்றாகவே இல்லை. கீழே நீல மையில் கருத்துரை என்று அடிக்கோடிட்டு ஒரே வரி எழுதியிருந்தாள். இந்தப் புள்ளியைச் சேர்த்தால் கோடு கீழே இறங்கிவிடுகிறது. "சரியா மேடம்?" என்றாள் அந்தப் பெண், பயந்துகொண்டே. வேதநாயகி தலையை ஆட்டினாள். கட்டுகளை நம்பர் வாரியாக அடுக்கி, கயிறு கட்டி, கண்ட்ரோல் ரூமில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டாள். அட்டெண்டர் டின்னைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தபோது, "உங்க போனுதான் மேடம், கத்திக்கிட்டே கெடந்துச்சு" என்றார். வராந்தாவுக்கு வந்து தூணோரம் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"ஏய் புரொபசரம்மா, எத்தனை தடவைதான் கூப்பிடுறது?"

"ஹால்ல இருந்தேங்க. சொல்லுங்க."

"ஏழு புள்ளி நாலு." குரலில் எந்தச் சுணக்கமும் இல்லை. "ஏழரை ஆகல, சனி கிட்ட வந்துட்டுத் திரும்பிட்டான் பாத்தியா. என்ன, உன் கோட்டுல உக்காருதா?"

ஏழு புள்ளி நாலு. கொஞ்சமும் மிச்சமில்லை. பின்சுவரில் சாய்ந்துகொண்டு போட்ட கோட்டின் மேல் அது நேராக வந்து உட்கார்ந்திருந்தது. அவள் வாழ்க்கையில் போட்டதிலேயே இவ்வளவு துல்லியமாக ஒரு கோடு பொருந்தியதில்லை.

"உக்காருதுங்க" என்றாள்.

"பின்ன என்ன? நான் கிரவுண்டுக்குப் போறேன். பிள்ளைக காத்துக்கிட்டு இருக்கும்."

"போகாதீங்க. அந்தக் கோட்டுல இல்லைங்க." தூணைப் பிடித்துக்கொண்டாள். "மழை பெஞ்ச அன்னிக்கு எடுத்தோமே, நான் அழிச்சேனே. லேப் மிஸ்டேக் இல்லைங்க அது. அதச் சேத்துப் போட்டாதான் உக்காருது. நாந்தான் தப்பு பண்ணிட்டேன். டாக்டர்கிட்டயும் அத நான் காட்டல."

அந்தப் பக்கம் லேபில் யார் பெயரையோ சத்தமாகக் கூப்பிட்டார்கள், யாரோ வந்தேன் வந்தேன் என்று ஓடினார்கள், ஒரு கதவு அடித்துக்கொண்டது. அவர் மூச்சு விடுவது கேட்டது. இந்த மூச்சு எப்போதிலிருந்து இப்படி இரைக்கிறது என்று அவள் யோசித்தாள்.

"சரி விடு" என்றார் கடைசியில். "அப்ப டாக்டர் சொன்ன அந்தக் கை ஆபரேஷன முடிச்சுப்புடுவோம். என்னா இப்ப. வலது கைதானே? எனக்கு இடது கை இருக்குல்ல, பிள்ளைகளுக்கு அடிச்சுக் காட்ட. நாளைக்கே போயிருவோம், கை பழுக்கட்டும் மெதுவா." கொஞ்சம் நிறுத்தி, "அழுவுறியா என்ன? நீ என்ன வேணும்னா பண்ணுன?" என்றார்.

"இல்லைங்க" என்றாள். எதற்கு இல்லை என்று அவளுக்கே தெரியவில்லை. கை பழுக்க ரெண்டு மாசம் ஆகும் என்று டாக்டர் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது, ரெண்டு மாசம் கையில் இல்லை என்பது மட்டும் தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான், இதிலும் எண்களை அவளிடமே விட்டிருந்தார். "அங்கேயே உக்காந்திருங்க, நான் ஆட்டோ பிடிச்சு வர்றேன், இன்னிக்கே மதுரைக்குப் போயிருவோம்" என்றாள். "இன்னிக்கேவா? எதுக்கு அவ்வளவு அவசரம்?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் வேதநாயகி கவனித்தாள், தூணைப் பிடித்திருந்த கை எப்போதோ அதை விட்டுவிட்டுத் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.